இந்நான்கு மாலுக்கு உட்பட்டது

மேலூர் சார்பதிவாளர் அலுவலகத்தில்
முப்பத்தொரு வருடம் நிலங்களை வாசித்தேன்.
ஓடைக்குத் தெற்கு,
வீராயி புஞ்சைக்கு மேற்கு,
வண்டிப்பாதைக்குக் கிழக்கு,
குன்றுக்கு வடக்கு,
இந்நான்கு மாலுக்கு உட்பட்டது.
ஒத்துப்பார்த்து முத்திரை வைத்தேன்.
ஒரு குழியைக்கூடக் கண்ணால் கண்டதில்லை.
சாயங்காலம் பஸ் ஏறிக் கண்ணை மூடினால்
மாட்டுத்தாவணியில்
கண்டக்டர் கம்பியைத் தட்டி எழுப்புவார்.

ஓய்வு பெற்ற அன்று குக்கர் கொடுத்தார்கள்.
ஐந்து லிட்டர்.
நான் ஒற்றை ஆள்.
முதல் இரண்டு மாதம்
அந்தக் குக்கரைப் பார்த்துக்கொண்டே
ரசம் சாதம் சாப்பிட்டேன்.

மூன்றாம் மாதம்
மின்விசிறிக்காகத்தான் சிம்மக்கல் நூலகத்துக்குப் போனது.
கையில் கிடைத்த நாவலைப் பத்திரமாகவே படித்தேன்.
எழுதிக்கொடுப்பவர் யார், வாங்குகிறவர் யார்,
சாட்சி இரண்டு பேர் எங்கே,
அடித்தல் திருத்தல் உண்டா.
நூற்று நாற்பதாம் பக்கத்தில்
பதிவுக்கட்டணம் இல்லாமல் ஒரு அழுகை வந்தது.
மூக்கைச் சிந்திவிட்டுப் புரட்டினால்
கடைசிப் பதினாறு பக்கத்தை
யாரோ கிழித்திருந்தார்கள்.

‘நான் சொல்றேன், மேல படிக்க வேணாம்’ என்றாள்
எதிர் நாற்காலியில் கடலை உரித்துக்கொண்டிருந்தவள்.
ஜொகரா. டெலிபோன் எக்சேஞ்சில்
ஊர் ஊராகக் குரல்களைக் கோத்துவிட்டவள்,
ஒரு ஊரையும் பார்க்காதவள்.
திங்கட்கிழமை சொன்ன முடிவில் அவன் திரும்பி வந்தான்.
செவ்வாய்க்கிழமை வரவில்லை.
வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து
அவன் இறந்தே போனதாகச் சொன்னாள்.
‘எது நெசம்?’
‘ஒனக்கு எது வேணும்?’
அந்த ஞாயிறு குக்கர் கீழே இறங்கியது.
அவள் பிரியாணி செய்தாள், நான் வெங்காயம் அரிந்தேன்.

‘ஏ ரிஜிஸ்டர்,
நீ முத்திரை வச்ச எடத்தையெல்லாம்
போயிப் பாத்தா என்ன?’

மகளிர் இலவச பஸ்ஸில் ஊசிக்கல்பட்டி விலக்கு.
அங்கிட்டு இரண்டு மைல் நடை,
அவளுக்கு முழங்கால், எனக்குக் குதிகால்,
மாறி மாறி உட்கார்ந்தோம்.
ஓடை இருந்தது, கருவேல முள்ளாக.
வண்டிப்பாதையில் தார் போட்டிருந்தார்கள்.
தெற்கே திரும்பினால்
குன்று இல்லை.
சதுரமாய் வெட்டிய பள்ளம்,
அடியில் பச்சைத் தண்ணீர்,
அதில் ஒரு மீன்கொத்தி.
இந்த நிலம் எதற்கு வடக்கு என்று
இனி எப்படி எழுதுவார்கள்?
எழுத்தராய்த்தான் முதலில் கவலைப்பட்டேன்.
வயிறு கலங்கியது அப்புறம்.

கிழக்குப் புஞ்சையில் ஒருத்தி வெள்ளரி பறித்துக்கொண்டிருந்தாள்.
கேட்காமலே இரண்டை முந்தானையில் துடைத்து நீட்டினாள்.
இடது பெருவிரலில் குறுக்கே ஒரு தழும்பு.
முகம் தெரியவில்லை.
அந்த ரேகை தெரிந்தது.
நானே மை தடவி உருட்டியது,
மூன்று முறை சரியாக விழாமல்.
‘வீராயி?’
என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
‘நீதான அந்த ஆபீசுப் பொம்பள?
கை சில்லுன்னு இருந்துச்சே ஒனக்கு.’
பிறகு பள்ளத்தைக் காட்டி,
‘அதுக்கும் நீதான் முத்திரை வச்சியா?’
தெரியவில்லை என்றேன்.
அது உண்மை.
வெள்ளரியில் பாதி என் கையிலேயே இருந்தது,
வெகுநேரம்.

திரும்பும் பஸ்ஸில் கண்ணை மூடவில்லை.
வெள்ளரிப்பட்டி, நரசிங்கம், ஒத்தக்கடை,
யானைமலை படுத்த வாக்கில் கூடவே வந்தது.
‘அந்த நாவல்ல கடைசியில என்னதான்டி ஆச்சு?’
ஜொகரா முழங்காலை நீவிக்கொண்டே சொன்னாள்:
‘நான் படிச்சப்பவே அந்தப் பதினாறு பக்கம் இல்ல.’

வியாழக்கிழமை திருவாதவூர்ப் பக்கம் போகிறோம்.
ஒரு கிணற்றில் நாலில் ஒரு பங்கு பாத்தியம்,
ஏழு பனை.
சர்வே எண் நினைவிருக்கிறது,
உட்பிரிவு மறந்துவிட்டது.
கேட்டுக்கேட்டு நடக்க வேண்டியதுதான்.