குறிப்புக்கான கட்டம்

சோழிங்கநல்லூரில் பதினோராவது மாடி.
ஏசி எப்போதும் கொஞ்சம் அதிகம்.
எங்கள் கம்பெனி பெயிண்ட் செய்கிறது.
லாபத்தில் நூற்றுக்கு இரண்டு
சட்டம் சொன்னதால் தருகிறது.
மார்ச் முடிவதற்குள் தீர்த்தாக வேண்டிய
அந்த நல்லெண்ணத்தைக்
கட்டம் கட்டமாக நிரப்புவது என் வேலை.

ஏழாம் கட்டம்: அறிவியல் கல்வி.
காசிமேட்டில் மாநகராட்சிப் பள்ளி.
நுண்ணோக்கி ஆறு, அலமாரி ஒன்று,
எங்கள் சின்னம் போட்ட பலகை ஒன்று.
பலகைதான் முதலில் போய்ச் சேர்ந்தது.

எட்டாம் கட்டம்: சமூக நலவாழ்வு.
வெள்ளை வேன், வியாழன்தோறும்.
நிழல் இருக்கிறதென்று
அதே பள்ளிச் சுவரோரம் நிற்கும்.

ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்
என் திரையில் ஒரு கோடு.
அங்கே ஒரு சுவர்.
சுவரில் ஓர் ஓட்டை.
அதன் வழியாகப் பிள்ளைகள்
மாங்காய்ப் பத்தை வாங்குவார்கள்.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு வியாழன்
வேனில் இருந்த நுண்ணோக்கிக்கு பல்பு போயிற்று.
லேப் டெக்னீஷியன் தணிகைவேல்
தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார்,
திட்டியும் பார்த்தார்.
வெளியே பெஞ்சில் சம்மனசு.
இருபது வருஷமாகத் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர்,
உச்சி வெயிலில்
பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தார்.
கையில் டோக்கன் இருபத்து மூன்று.

காற்றில் கற்பூரத் தட்டைக்
கொண்டுபோகிறவர் போலக்
கண்ணாடித் துண்டைக் கையால் மறைத்துக்கொண்டு
தணிகைவேல் பள்ளிக்குள் போனார்.

ஆடிட் வரும்வரை பிரிக்கக் கூடாதென்று
தலைமையாசிரியர் உத்தரவு.
அவர் அன்று மீட்டிங் போயிருந்தார்.
அமலோற்பவம் டீச்சர்
சாவியைத் தேடி எடுத்து
டேப்பைப் பல்லால் கிழித்தார்.
ஆறில் ஒன்றில்தான் நூறு மடங்கு லென்ஸ்.
அது ஆறாவதாகத்தான் கிடைத்தது.

அவர் பார்த்து முடித்து எழுதும்போது
எட்டாம் வகுப்பு ஏற்கெனவே வரிசையில் நின்றது.
மூன்றாவது ஆள் மெர்லின்.
"மோதிரம் மாதிரி இருக்கு டீச்சர்.
கல்லு வச்ச மோதிரம்."

பிறகுதான்
கண்ணாடியின் ஓரத்தில் எழுதியிருந்த
இருபத்து மூன்றைப் பார்த்தாள்.
ஜன்னல் வழியே பெஞ்சைப் பார்த்தாள்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
பின்னால் நின்றவன் தள்ளினான்.
அவள் நகரவில்லை.
"இன்னொரு வாட்டி பாக்கலாமா சார்?" என்று கேட்டுவிட்டுத்
திருகைக் கால்சுற்று திருப்பினாள்,
அப்பா இன்னும் தெளிவாகத் தெரிவதற்கு.

பதினாலு நாள் மாத்திரை.
ஒரு நாளும் விடக்கூடாதென்று
தணிகைவேல் அவளிடம்தான் சொன்னாராம்.
இவ்வளவும் வேன் டிரைவர் போனில் சொன்னது.

மேலாளரிடம் சொன்னேன்.
"பிரமாதம்! போட்டோ இருக்கா?"
இல்லை.

பிறகு ஆடிட்டரின் கேள்வி வந்தது.
ஏழாம் கட்டத்துப் பொருள்
எட்டாம் கட்டத்து வேலைக்குப் போனது ஏன்?
மேற்படிப் பயனாளி மாணவியா, நோயாளியின் குடும்பமா?
ஒருவரை இருமுறை எண்ணக் கூடாது.

நான் கேலி செய்யவில்லை.
அந்த வேன் வராவிட்டால்
சம்மனசு மெடிக்கலில் ரெண்டு மாத்திரை வாங்கிப்
போட்டுக்கொண்டு ஐஸ் உடைக்கப் போயிருப்பார்.
அந்த அலமாரி இல்லாவிட்டால்
அன்று வேன் வந்தும் பிரயோஜனமில்லை.
ஆனால் பாருங்கள்,
பதினெட்டு லட்சத்துக்குத் தலைப்பு இருக்கிறது.
நூற்றெண்பது ரூபாய் பல்புக்கு இல்லை.
மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்கச் சொன்னார்கள்.

ரிச்சி தெருவில்
மூன்று கடை ஏறி இறங்கினேன்.
நான்காவதில் கிடைத்தது, ஆறு வோல்ட்.
இரண்டு வாங்கினேன்.
ஒன்று வேனுக்கு.
இன்னொன்று என் டிராயரில், பஞ்சு சுற்றி.
பில் சட்டைப் பையிலேயே இருந்து
துவைப்பில் கூழாகிவிட்டது.

கடைசியில் குறிப்புக்கென்று ஒரு கட்டம் உண்டு.
ஐம்பது எழுத்துக்கு மேல் ஏற்காது.
'பல்பு மாற்றப்பட்டது' என்று எழுதினேன்.
யார் மாற்றியது என்று அடுத்த கேள்வி வரும்.
வரட்டும்.