பதினேழு மணி நேரம் மிச்சம்

அறைக்கு மூவாயிரத்து இருநூறு.
ஏரி தெரிகிற அறை என்றால் அறுநூறு கூட.
ஆடி மாதம் ஏற்காட்டில் ஏரி தெரியாது,
மூடுபனிதான் தெரியும்.
அதற்கும் அறுநூறுதான்.
யாரும் அதைக் கேட்பதில்லை.

கேட்பது இதைத்தான்:
"வைஃபைக்கு நூத்தம்பதா?"
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு வியாபாரி நாகசுந்தரம்
மேசையில் மோதிரத்தைத் தட்டிக் கேட்டார்:
"தண்ணிக்குக் காசு வாங்குவியா தம்பி?
பல்பு எரியறதுக்கு வாங்குவியா?"

வாங்குகிறோம், ஐயா.
பாட்டில் நாற்பது,
தீ மூட்டிச் சுற்றி உட்கார எண்ணூறு,
வெந்நீர் ஆறிலிருந்து எட்டு வரை மட்டும்
என்றெல்லாம் சொல்லவில்லை.
டை கட்டிய கழுத்து அப்படிப் பேசாது.

முதலாளியின் கணக்கு வேறு.
அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு
ஏறி வருகிறது கேபிள்.
காற்றடித்தால் சில்வர் ஓக் விழும்.
காட்டெருமை முதுகு சொறிந்தால் கம்பம் சாயும்.
லூர்துசாமி மழைக்கோட்டோடு ஏணி தூக்கிப் போவார்.
"அந்த ஏணிக்கு யார் குடுக்கிறது?"
நியாயம்தான்.
லூர்துசாமிக்கு அவர் கொடுப்பது எவ்வளவு என்று
எனக்குத் தெரியும்.
அதனால் பாதி நியாயம்.

நான் கிழித்துக் கொடுப்பது
பஸ் டிக்கெட் அளவில் ஒரு சீட்டு.
எட்டு எழுத்து, இருபத்து நான்கு மணி நேரம்.
வாங்கியவர் ஏழு மணி நேரம் பார்ப்பார்.
ஆபீஸ் மெயில் இரண்டு, பாதி கிரிக்கெட்,
கிள்ளியூர் அருவிமுன் நின்ற தன் முகம் பலமுறை.
மிச்சத்தைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு
மலையிறங்கிப் போவார்.

குப்பைக்கூடை சடைச்சியுடையது.
பாதி சோப்பு, கால் ஷாம்பு,
பிரிக்காத சர்க்கரைப் பொட்டலம்,
அதோடு அந்தச் சீட்டு.
"இதுல எவ்வளவு நேரம் கெடக்குதுங்க?"
கணினியில் பார்த்துச் சொல்வேன்: பதினேழு.
மிளகு எடை போடும்போது
முள் ஒரு கிலோ கூடக் காட்டினாற்போல் சிரிப்பாள்.

குடகுக்குக் காப்பி பறிக்கப் போன புருஷன்
துவைத்த விரிப்புகளுக்குப் பின்னால்
கையகலத் திரையில் வருவான்.
அவன் பின்னால் காப்பிச்செடி,
இவள் ஜன்னலுக்கு வெளியே காப்பிச்செடி.
"அங்க பூத்துருச்சா?"
"இன்னும் இல்ல. அங்க?"
இதற்குப் பதினேழு மணி நேரம் எதற்கு?
தீரும்வரை அணைக்கமாட்டாள்.

நாகசுந்தரம் ஊர் போய் ஒற்றை நட்சத்திரம் போட்டார்.
"ரூம் ஓகே. பூரி நல்லா இருந்தது. வைஃபை கொள்ளை."
அந்தக் கடைசிச் சொல்லை முதலாளி
மூன்று நாள் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.
நான்காம் நாள் வாசல் பலகையில்: வைஃபை இலவசம்.
அறை மூவாயிரத்து நானூறு ஆனது.
யாரும் அதைக் கேட்கவில்லை.

சீட்டுக்கட்டு போயிற்று.
இனி அறை எண்ணும் தங்குபவர் பெயரும் தட்டினால் திறக்கும்.
சடைச்சி கூடையைக் கவிழ்த்தாள்.
சோப்பு இருந்தது, சர்க்கரை இருந்தது.
அடியில் ஒருமுறை தட்டிப் பார்த்தாள்.
"இலவசம்னா சீட்டு கிடையாதுங்களா?"
கிடையாது.
"அப்ப யாருக்குங்க இலவசம்?"
சாவிகளை வரிசையாய் மாட்டினேன்.
ஏற்கெனவே வரிசையாய்த்தான் இருந்தன.

கார்த்திகையில் நாகசுந்தரமே திரும்ப வந்தார்,
மனைவி, மைத்துனர், ஏரி தெரிகிற நூற்றுநான்கு.
"பாத்தியா தம்பி, கேட்டாத்தான் கெடைக்கும்."
பதினொன்றுக்குச் சாவியை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

பன்னிரண்டு வரை கணினி ஒரு பெயரைக் கலைக்காது.
நான் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை.
விரிப்புகளோடு அவள் மேசையைக் கடந்தபோது
பதிவேட்டைச் சரிபார்ப்பவன்போல்
ஓர் எண்ணையும் ஒரு பெயரையும்
கொஞ்சம் சத்தமாக வாசித்தேன்.

விரிப்பு மாற்ற இருபது நிமிடம் போதும்.
திரு. நாகசுந்தரம்
அறையைக் காலி செய்த பிறகு
ஐம்பத்தெட்டு நிமிடம் பேசியிருக்கிறார்.
என்ன பேசினார் என்று கணினி எழுதுவதில்லை.

போனைத் திருப்பிப் புருஷனுக்கு ஏரியைக் காட்டினாளாம்.
பனி விலகியிருந்ததாம், ஒரு படகு நின்றதாம்.
நான்கு வருடமாக அந்தச் சாவியைக் கொடுக்கிறேன்.
அந்த ஜன்னல் பக்கம் நான் போனதில்லை.