சும்மா ஒரு நாலு கிலோமீட்டர்

அங்கே இதற்கென்றே பலகை உண்டாம்,
மஞ்சள் அம்புக்குறி போட்டு.
யாருடைய வயலானாலும் ஊடே ஓர் ஒற்றையடிப்பாதை,
வேலி குறுக்கிட்டால் ஏறி இறங்க இரண்டு மரப்படி,
செம்மறிகள் தலைதூக்கிப் பார்த்துவிட்டுத்
திரும்ப மேயுமாம்.
டெர்பிஷயரில் இரவு டூட்டி முடிந்த ஞாயிறுகளில்
லீமா அனுப்பிய படங்களில்
லீமா இருக்கமாட்டாள்.
பாதை இருக்கும். மேடு ஏறி மறுபக்கம் இறங்கும்.

மூன்று வாரம் லீவு. இரண்டாவது ஞாயிறு,
ஆராதனை முடிந்து, மீன்கறியும் முடிந்து,
"வாங்க, நடக்கலாம்" என்றாள்.
எங்கே?
"எங்கேயும் இல்ல. சுத்தி வந்து
புறப்பட்ட இடத்துலயே முடியணும்."
"அப்ப எதுக்கும்மா புறப்படணும்?" என்றாள் ஜெஸ்லின்,
ஆறாம் வகுப்பு, கணக்கில் கெட்டி.
அபினுக்கு நாலு வயது.
என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான்.
வீடியோவில் பேசும் முகத்துக்கு
இத்தனை உயரம் இருக்குமென்று
அவன் நினைத்திருக்கவில்லை.

திருவட்டாறு ரோட்டை விட்டு சானல்கரையில் இறங்கினோம்.
ஜூன் மாதத்துத் தண்ணீர், சாயாவின் நிறம்,
ஒற்றைச் செருப்பையும் ஓர் அன்னாசித் தலையையும்
எங்களைவிட வேகமாகக் கூட்டிப்போனது.
கல்லில் துணி அடித்த ஓமனாக்கா நிமிர்ந்தாள்.
"எங்க போறிய?"
"சும்மா."
"தொட்டிப்பாலம் பாக்கவா?"
"இல்லக்கா, சும்மா நடக்கோம்."
ஓங்கிய துணி அந்தரத்தில் நின்றது.
"யாருக்காவது சொகமில்லியா?"

சுபின் ஆட்டோவை ஓரங்கட்டினான்:
"பைக் பஞ்சரா அண்ணே? ஏறுங்க, காசு வேண்டாம்."
பெட்டிக்கடை ராயப்பன் என்னைத் தனியே அழைத்துக்
குரல் தாழ்த்திக் கேட்டார்:
"சுகர் எவ்வளவு இருக்கு?"

ரப்பர் விளைக்குள் ஏறினோம்.
மேடு, அப்புறம் பள்ளம், அப்புறம் இன்னொரு மேடு.
மரத்துக்கு மரம் மழைக்குப் பிளாஸ்டிக் பாவாடை,
கீழே கவிழ்த்துவைத்த சிரட்டை.
"இங்க ஆடு மட்டும் நின்னா அப்படியே அந்த ஊருதான்" என்றாள்.
ஆடு நின்றது.
ஒன்றே ஒன்று, கயிற்றோடு,
வாயில் பாதிப் பலா இலையோடு.
தலைதூக்கிப் பார்த்தது.
பார்வையை எடுக்கவே இல்லை.
அதற்கும் அதே கேள்விதான்.

வேலி வந்தது, மரப்படி இல்லை.
கய்யாலை இடிந்த இடமாகப் பார்த்து
நான் முதலில் ஏறினேன், பிள்ளைகளை வாங்கினேன்.
லீமாவுக்குக் கை கொடுத்தேன்.
விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது,
குளிரும் ஆஸ்பத்திரிச் சோப்புமாக.
வந்த அன்றே கவனித்திருக்கலாம்.

மறுபக்கத்தில் அபின் நின்றுவிட்டான்.
கணுக்காலில் அட்டை,
குடித்துக் குடித்துப் புளியங்கொட்டைப் பருமன்.
மூன்று வருஷமாக
முள் குத்தினாலும் மூக்கு ஒழுகினாலும்
என்னிடம்தான் வருவான்.
நான் குனிந்து கையும் நீட்டிவிட்டேன்.
அவன் என்னைத் தாண்டிப் போனான்.
லீமாவின் முன்னால் காலைத் தூக்கிக் காட்டினான்,
ஒன்றும் சொல்லாமல்,
டாக்டரிடம் ரிப்போர்ட் நீட்டுகிறவன் மாதிரி.

அவள் உப்பு கேட்கவில்லை.
நகத்தை அடியில் கொடுத்து வழித்தெடுத்தாள்.
கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி
ஈரச் சருகில் உட்கார்ந்தாள், வெள்ளைச் சுடிதாரோடு.
அட்டை கடித்த இரத்தம் லேசில் நிற்காது.
ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம்.
யாரும் அவசரப்படவில்லை.
ஜெஸ்லின் போனைப் பார்த்துச் சொன்னாள்:
இரண்டு புள்ளி எட்டு.

இறங்கும்போது அவன் அவள் இடுப்பில் இருந்தான்.
என் சட்டை நுனி கசங்கி, காலியாக.

சுற்றி வந்து சானல்கரையையே சேர்ந்தோம்.
ஓமனாக்கா கடைசிப் போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.
"எங்க போயிட்டு வாறிய?"
நான் வாய் திறப்பதற்குள் அபின் சொன்னான்:
"அட்டை பாக்க."

அவளுக்கு அது போதுமாக இருந்தது.
போர்வையை உதறினாள்.
எங்கள் நாலுபேர் மேலும் தெறித்தது.