ஐந்துக்கு இரண்டு

கரகண்டாவில் பனி
விழுந்த மறுநாளே கறுத்துவிடும்.
நிலக்கரிப் புகை.
அதைப் பற்றி யாரும் புகார் எழுதியதில்லை.

எங்கள் வீட்டுக்கு மேல்வீட்டில் தொல்கனாய்.
வகுப்பில் எனக்கு இடப்பக்கம் தொல்கனாய்.
ஆறாம் வகுப்புவரை
அவளைப் பார்த்துத்தான் நான் கணக்கெழுதினேன்.
பின்னங்களை அவள்
ஆரஞ்சு உரிப்பதுபோல் உரித்துப் போடுவாள்,
ஒரே சுருளாக, தோல் அறாமல்.

ஒன்பதாம் வகுப்பில் ஐந்துக்கு இரண்டு.
அடுத்த வாரமும் இரண்டு.
ரயிசா கென்ரிகோவ்னா சிவப்பு மையில் எழுதினார்:
கவனமில்லை.

கவனமில்லையாம்.
நடைக்கூடத்தில் கேட்கும் காலடியை வைத்தே
வருவது தலைமையாசிரியையா காவலாளியா,
வருகிறவருக்குக் கோபமா வெறும் அவசரமா என்று
கதவு திறக்குமுன் அவளுக்குத் தெரியும்.
வாளியை யாராவது தரையில் வைத்தால்
பேனா நின்றுவிடும்.
கரும்பலகைக்குத்தான் காது மிச்சமில்லை.

ஒரு குழாய் தொட்டியை ஆறு மணி நேரத்தில் நிரப்பும்,
இன்னொன்று ஒன்பது மணி நேரத்தில் காலிசெய்யும்,
இரண்டையும் திறந்தால் தொட்டி எப்போது நிறையும்?
விடை பதினெட்டு.
அவள் எழுதியது பதினொன்று.
"எங்கிருந்து வந்தது இந்தப் பதினொன்று?"
வகுப்பு சிரித்தது. அவள் நகத்தைப் பார்த்தாள்.

எனக்குத் தெரியும் எங்கிருந்து என்று.
மின்தூக்கியிலிருந்து அவர்கள் கதவுவரை
எட்டு எட்டு.
அவள் அப்பா குடித்திருந்தால் பதினொன்று.
தம்பியைக் குளியலறைக்குள் தள்ளித் தாழிட
அவ்வளவுதான் அவகாசம்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவாக
ஒரு வெந்நீர்க் குழாய் சுவரோடு இறங்குகிறது.
சூடும் வரும், சத்தமும் வரும்.
முதலில் நாற்காலி.
பிறகு நாற்காலி இல்லாத ஒன்று.

என் அப்பா நல்லவர். கைநீட்டியதே இல்லை.
நள்ளிரவில் எழுந்துபோய்
கரண்டியால் குழாயை மூன்று முறை தட்டுவார்.
"மனுசன் விடியற்காலை சுரங்கத்துக்குப் போக வேண்டாமா?"
மேலே அடங்கிவிடும்.
அவர் தூங்குவார்.
நானும்தான் தூங்கினேன்.

மார்ச்சில் ஒருநாள், சிற்றுண்டிச் சாலை வரிசையில்,
தட்டை நீட்டியபடியே கேட்டாள்:
"தட்டுறது உங்க வீட்டுலேருந்தா?"
இல்லை என்றேன்.
"யாரா இருந்தாலும் சொல்லு.
தட்டின பிறகு அவர்
சத்தம் வராம அடிக்கிறார்."
பிறகு, தேநீருக்குச் சர்க்கரை கேட்டாள்.

மறுநாள் தேர்வில் என் தாளை அவள் பக்கம் நகர்த்தினேன்.
என் பிழைகளையும் சேர்த்து எழுதிவிட்டாள்.
எங்கள் இருவருக்கும் இரண்டு.
"கவனம் எங்கே போச்சு உனக்கு?" என்றார் அப்பா,
சாப்பாட்டு மேசையில், உண்மையான வருத்தத்தோடு.

அன்றிரவு கரண்டியை என் தலையணை உறைக்குள் வைத்தேன்.
நாற்காலி விழுந்தது.
அப்பா எழுந்தார். இழுப்பறையைத் திறந்தார்.
முள்கரண்டிகள். கத்தி. இன்னோர் இழுப்பறை.
தேடிக்கொண்டிருந்த நேரமெல்லாம்
அவருக்குக் கேட்டது.

கடைசியில் வெறுங்கையைக் குழாய்மேல் வைத்தார்.
சுட்டிருக்கும்.
எடுக்கவில்லை.