இரண்டு பத்து

மூன்று விதமாய்க் காவல் இந்த மலைக்கு.
ரேடார், வானத்தின் தோலைத் தடவிப் பார்ப்பது.
அலைவரிசைப் பெட்டி, யார் யாரோடு பேசுகிறார்கள் என்று
ஒட்டுக் கேட்பது.
மூன்றாவது கேமரா.
அருவங்காட்டில் பனி இறங்கிவிட்டால் அதற்குக் கண் இல்லை.

இரவுப் பணிக்கு நானும் பெள்ளியும்.
கீழே வெடிமருந்துத் தொழிற்சாலை,
தீப்பெட்டியை வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான்
உள்ளே போகலாம்.
மேலே, யாரும் எதையும் ஒப்படைக்காத வானம்.

திரையில் புள்ளி வந்தால்
முப்பது நொடிக்குள் அதற்குப் பெயர் வைக்க வேண்டும்.
சிறகு விட்டுவிட்டு அடிக்கும்,
விசிறி விடாமல் நடுங்கும்,
பயிற்சியில் இவ்வளவுதான்.
எதிர்காற்றில் ஒரே இடத்தில் நிற்கும்
கருந்தோள் பருந்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை.
ஒரு சுண்டெலிக்காக அது
அச்சு அசல் ட்ரோனாகவே நிற்கிறது.
முதல் மாதம் நான்கு முறை சைரன் அடித்தேன்.
கேன்டீனில் எனக்குப் பருந்தம்மா என்று பெயர்.

பிறகு விரல் பழகிவிட்டது.
பறவை. பறவை.
குன்னூர்க் கல்யாணத்துப் போட்டோக்காரர்,
போனில் கூப்பிட்டுத் திட்டு.
வௌவால். பறவை.

ஒரு வியாழன், இரவு இரண்டு பத்துக்கு
காட்டேரிப் பள்ளத்தின் மேல்
கைக்குட்டை அகலத்தில் ஒன்று.
அலைவரிசைப் பெட்டியில் மூச்சில்லை.
யாரோடும் பேசாமல் வருவது பறவை,
இல்லையென்றால்
வழியை மனப்பாடம் செய்துவிட்ட ஏதோ ஒன்று.
பெள்ளி வெந்நீர் வைக்கப் போயிருந்தான்.
வேலியில் காட்டெருது முதுகு உரசும் சத்தம்.
இருபத்தெட்டாவது நொடியில்
பறவை என்று அழுத்தினேன்.
இந்நேரத்தில் எந்தப் பருந்து பறக்கும் என்று
இருபத்தொன்பதாவதில் தோன்றியது.

ஒன்பது நாள் கழித்து, கொழுந்து எடுக்கப் போன முத்துவடிவு
தேயிலைத் தூருக்குள் கிடந்ததை
கூடையில் இலையோடு போட்டுவந்து
எடை போடுமிடத்தில் கொட்டினாள்.
நானூற்றுப் பத்து கிராம் கழித்துத்தான்
கூலி போட்டார்களாம்.

நான்கு விசிறியில் மூன்று ஒடிந்திருந்தன.
வரிசை எண்ணைச் சுரண்டியிருந்தார்கள்.
மெமரி கார்டில் பதினெட்டு நிமிடம்.
பனி.
பனியின் ஓரம்.
மறுபடியும் பனி.
கடைசியில் கலங்கலாக ஒரு மஞ்சள் சதுரம்,
அதற்குள் குனிந்த தலை ஒன்று.
அதிகாரி நிறுத்தினார். பெரிதாக்கினார்.
பெரிதாக்கப் பெரிதாக்கக் கட்டம் கட்டமாய் உடைந்தது.
யார் இது என்றார்.
என் ஸ்வெட்டரின் நிறம் மட்டும் மிஞ்சியிருந்தது.
முப்பது நொடி தாண்டியும்
நான் எதுவும் சொல்லவில்லை.

இப்போது ஜன்னலுக்குத் தடித்த கறுப்புத் திரை.
விடிந்துவிட்டதா என்பதையும்
இன்னொரு திரையில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.
இரண்டு பத்துக்கு
பெள்ளி எங்கும் போவதில்லை.