தடைக்காலத்து நாற்று

முதல் படம் காலை ஆறு பத்துக்கு வந்தது.
அரிசிச் சாக்கின் உள்ளுறையில் மண்,
மண்ணில் விரல்நீளக் குண்டு மிளகாய்,
இலையெல்லாம் மஞ்சள்.
"மேடம், இதுக்கு என்ன மருந்து?"

உச்சிப்புளி உரக்கடைக் கல்லாவில் நான்.
ரசீதில் அச்சடித்திருப்பது என் எண்.
அவர் ரெமிஜியூஸ், அக்காள்மடம்,
விசைப்படகில் இன்ஜின் பார்ப்பவர்.
அறுபத்தொரு நாள் கடலைப் பூட்டிவிட்டார்கள்.
படகு அடுப்படி டப்பாவின் அடியில் கிடந்த
வத்தல் நாலை நசுக்கி
மொட்டைமாடியில் ஊன்றியிருக்கிறார்.
பதினான்கு முளைத்துவிட்டன.
புரட்டாசியில் விதைப்பதைச் சித்திரையில் விதைத்தவருக்கு
அதற்குமேல் என்ன சொல்ல?

மருந்து வேண்டாம் என்றேன்.
(முதலாளி சாப்பிடப் போயிருந்தார்.)
தண்ணீர் எத்தனை தடவை?
"நாலு. சில நாள் அஞ்சு.
பாத்துக்கிட்டே இருந்தா
தாகமா இருக்கிற மாதிரியே தெரியுது."
பையில் ஓட்டை?
"ஓட்டை எதுக்கு?"

காற்று போகாவிட்டால் உங்கள் இன்ஜின் என்ன செய்யும்?
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"கரும்புகை கக்கும், மேடம்.
அப்புறம் மூச்சு முட்டி நின்னுரும்."
வேரும் அப்படித்தான்.

அன்று மாலையே ஓட்டை போட்டார்,
தேவைக்கு மேல் நிறையவே.
ஐந்து செத்தன.
மிச்சத்துக்குப் பழைய நைலான் வலையை
நாலாய் மடித்துப் பந்தல் கட்டினார்.
ஒரு காக்கை மாட்டிக்கொண்ட படமும் வந்தது.
அதற்கும் என்னிடம்தான் கேட்டார்.

பிறகு இலையோரம் தீய்ந்தது.
கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள் என்றேன்.
"லேசாக் கரிக்கும். குளிக்கிறது அதுலதான்."
உங்களுக்குத் தோல் இருக்கிறது,
அதற்கு ஏது?
குடிதண்ணீர் வண்டியில் வருகிறது, குடக்கணக்கில் காசு.
செலஸ்டினா பின்னாலிருந்து கேட்பது
எனக்குத் தெளிவாகவே கேட்டது:
"ஒரு குடத்துக் காசுக்கு
வத்தலாவே வாங்கிரலாமே?"

மூன்று நாள் படம் இல்லை.
நாலாம் நாள் இரவு பதினொன்றுக்கு ஒரு படம்:
பாம்பனில் ஏடிஎம் பின்சுவர்,
ஏசிக் குழாய் முனையில் ஐந்து லிட்டர் கேன்,
பக்கத்தில் குத்தவைத்த நிழல்.
"உப்பே இல்ல மேடம்,
குடிச்சே பாத்துட்டேன்."

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.
நான் இதுவரை ஒரு செடி வளர்த்ததில்லை.
இருப்பது ஜன்னலும் சுவரைப் பார்க்கும் மாடி அறை.
எனக்குத் தெரிந்ததெல்லாம் மூட்டையில் எழுதியிருப்பது,
கல்லாவுக்கு முன் நின்று
பெருங்குளத்துக்காரர்கள் ஒருவருக்கொருவர்
திட்டிக்கொள்வது.
ரெமிஜியூஸிடம் இதைச் சொல்லவில்லை.
மூன்று செடி பிழைத்த பிறகு
சொல்வதில் அர்த்தமும் இல்லை.

ஆனி தொடங்கக் கடல் திறந்தது.
பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்று கேட்டேன்.
"செலஸ்டினா பாக்க மாட்டேன்னு சொல்லிருக்கா"
என்றார். குரலில்
கவலையே இல்லை.

நேற்று மாலை ஒரு அழைப்பு.
பாதி காற்று, பாதி இன்ஜின்,
கரையிலிருந்து சிக்னல் அறுகிற தூரம்.
"மேடம், இங்க தூறுது.
நம்ம பக்கம் மழையா?"

எழுந்து கடை வாசலுக்குப் போனேன்.
தார்ச்சாலையில் வெயில்.
பாலத்துப் பக்கம் மட்டும் மேகம்
கருத்த மாதிரியும்
கருக்காத மாதிரியும்.

பெய்யுது என்றேன்.
கேட்டதோ என்னவோ.
பிறகு, அழைக்க எண்ணில்லாததால்,
செலஸ்டினாவுக்கு அவருடைய போனுக்கே ஒரு செய்தி அனுப்பினேன்,
கடலில் நனைந்துகொண்டிருக்கும் அந்தப் போனுக்கு:
இன்று மட்டும் ஒரு டம்ளர்.
வேரோரமாக.
இலையில் வேண்டாம்.