பென்சிலால் ஒரு வரி

காட்பாடியில் வசந்தம் பதினோரு நாள்.
நான் எண்ணியிருக்கிறேன்.
மாசிக் கடைசியில் ஒரு காலை
போர்வையை உதைத்துத் தள்ளியபடி விழிப்பு வரும்.
ரயில்வே குடியிருப்பின் பின்சுவரோரம்
இலையெல்லாம் கொட்டிவிட்ட கல்யாண முருங்கை
சிவப்பாக எதையோ பேசத் தொடங்கியிருக்கும்.
பன்னிரண்டாம் நாள்
குழாயைத் திறந்தால் கை சுடும்.

அந்தப் பதினோரு நாளும் மொட்டைமாடிதான்.
இவருக்கு இரவு டூட்டி முடிந்த கண்.
எனக்குக் குக்கர் மூன்றாவது விசில் வரைக்கும் அவகாசம்.
இருவருக்கும் ஒரே பைனாகுலர்,
அதிலும் இடது பக்கம் பூஞ்சை.
"எஸ்தர், வந்துடுச்சு பார்" என்பார்
பிளாட்பாரக் கோடிக்குக் கேட்கிற கார்டு குரலில்.
அந்தக் குரலுக்கே பாதி பறந்துவிடும்.

சூறைக்குருவிகள்.
கறுப்புத் தலை, கறுப்பு இறக்கை,
நடுவில் மட்டும் சாயம்போன ரோஜா நிறத்தில்
ஒரு கைவைக்காத சட்டை.
நூறு என்பார் இவர். எழுபது என்பேன்.
எண்பத்தைந்து என்று நோட்டில் ஏறும்.
சேவூர்ப் பக்கம் சோளம் போட்டிருக்கும் மாசிலாமணி
நோட்டு இல்லாமலே சொல்வார்:
"ஆயிரம். அத்தனையும் திருட்டுக் கழுதைங்க."
எண்ணெய் டின்னைக் குச்சியால் தட்டுவார்.
வானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து
மறுபடி நிமிரும்.

சித்திரை பிறந்தால் கிளை காலி.
எங்கே போகும் என்பதற்குப் பறவைப் புத்தகத்தில்
இரண்டே சொல்: மத்திய ஆசியா.
பெனிட்டா அங்கேதான் படித்தாள்,
அல்மாட்டியில், மருத்துவம், நாலாம் வருஷம்.
கடனில் பாதி அடைத்த தைரியத்தில்
போன மே மாதம் கிளம்பினோம்.
ஆவக்காய் நான்கு கிலோ,
ஆற்காடு மக்கன்பேடா ஒரு டப்பா,
பூஞ்சைக் கண்ணோடு பைனாகுலர்.

விமான நிலையத்துக்கு வெளியே
குப்பைத்தொட்டி மேல் நின்று வரவேற்றது
மைனா.
நம்ம மைனா. மஞ்சள் கால், அதே திமிர்.
இவர் சிரித்த சிரிப்பில்
இரண்டு ரஷ்யப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
பெனிட்டா நடையை வேகமாக்கினாள்.

பனிமலை காட்டினாள், கேபிள் கார் காட்டினாள்,
"அம்மா, மேல பாரு" என்று பலமுறை சொன்னாள்.
நான்காம் நாள் வாடகைக் காரில் ஊருக்கு வெளியே
புல்வெளி முழுக்கக் கசகசாப் பூ.
நம்மூர் மரத்தின் சிவப்பு
இங்கே தரையில் கிடந்தது.
சாலை போடக் கொட்டிய கருங்கல் குவியல் ஒன்று
வாய்விட்டுக் கத்திக்கொண்டிருந்தது.

உள்ளே முழுக்கக் கூடு.
ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் ஒரு ரோஜா நிறம்
வெளியே பாய்ந்து உள்ளே திரும்பியது.
இது சாயம்போனதில்லை.
உடுத்த உடுத்தத் தேய்ந்து
தேயத் தேயச் சிவக்கும் துணி
நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.
டிரைவர் ஏதோ சொன்னார்.
பெனிட்டா மொழிபெயர்த்தாள்:
"வெட்டுக்கிளிய தின்னுதாம்.
குஞ்சு பறக்குற வரைக்கும் இந்தக் கல்ல எடுக்க மாட்டாங்களாம்."
மாசிலாமணியிடம் இதை எப்படிச் சொல்வது
என்றுதான் முதலில் தோன்றியது.

"எட்டு மாசம் அங்க, நாலு மாசம் இங்க.
அப்ப இதுக்கு எது ஊர்?" என்றார் இவர்.
"முட்டை வைக்கிற இடம்தான்பா,"
தேர்வுக்குப் பதில் சொல்கிற வேகத்தில் அவள்.
அவளைக் குடியாத்தத்தில் பெற்றேன்,
ஆடிப்பெருக்கன்று, மின்சாரமில்லாத ராத்திரியில்.
சொல்லவில்லை.
கசகசாப் பூவைப் படம் எடுத்தேன்.

ஆடி முடிகிற வாரம்.
கேபிள் வயரில் பழுப்பாக ஒன்று,
மங்கிய மஞ்சள் மூக்கு,
முருங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.
மரத்தில் ஒரு பூ இல்லை, வெறும் இலை.
"மைனாக் குஞ்சு," என்றார் இவர்.
இல்லை என்றேன்.
குக்கர் நாலாவது விசிலும் அடித்துவிட்டது.

நோட்டில் பென்சிலால் எழுதினேன்:
சூறைக்குருவி, இளசு, ஒன்று. தனியாக.
சாயங்காலம் பார்த்தால்
பக்கத்தில் இவர் கையெழுத்தில் ஒரு கேள்விக்குறி.
அழிக்கவில்லை.
சேவூரில் சோளம் இன்னும் முழங்கால் உயரம்தான்.
டின் சத்தத்துக்கு நாள் இருக்கிறது.